ஐந்தாம் படிக்குக் கீழே

நாச்சிமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, திரையில் இருந்த முதல் வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படிக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கை சும்மா இருந்தால் சுட்டிக் காட்டத் தோன்றும். சுட்டிக் காட்டினால் போச்சு. வாயைத் திறந்தாலும் போச்சு. மணி பதினொன்று ஐந்து. கீழே லேத் பட்டறையில் யாரோ இரும்பைக் கடைந்துகொண்டிருந்தார்கள், அந்தக் கீச்சுச் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் கால் வழியாக அவள் முதுகுக்கு வந்தது. இந்த ஆபீசில் இதற்கு வாய்ப்பூட்டு வாசிப்பு என்று பெயர். ஒரு உதவிப் பக்கம் வெளியே போவதற்கு முன்னால், அந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, இந்தாங்க, இதைப் பார்த்துச் செய்யுங்க என்று விட்டுவிட வேண்டும். எழுதியவர் பின்னால் உட்காரலாம், பார்க்கலாம், பேசக் கூடாது. பேசினால் பக்கம் தோற்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே கோகிலவாணிதான். எழுதியவள் வாசிக்கிறவர் வீட்டுக்கெல்லாம் போய் நின்று விளக்க முடியாதல்லவா, அதனால் இங்கேயே பேசாமல் இருந்து பழகிக்கொள்வோம் என்று அன்றைக்கு மின்னஞ்சலில் நியாயம் எழுதியிருந்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது இப்படித்தான். அன்றைக்கு யாருடைய வேலையும் இதில் தொங்கவில்லை, நியாயம் பேச நன்றாக இருந்தது.

இன்றைக்குத் தொங்குகிறது. இவளுக்கு மேலதிகாரி ரெஜினா மேடம் நல்லவள், அதுதான் கஷ்டம், கெட்டவளாக இருந்தால் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். போன வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "கோகிலா, நான் நேராவே சொல்லிடறேன். நம்ம குருவியில அந்த புரொஃபைலரை நூறு பேர்ல ரெண்டு பேர்கூட தொடறதில்ல. தொட்டவங்களும் உதவிப் பக்கம் புரியலைன்னு போன் பண்றாங்க. உங்க புதுப் பக்கத்துக்கு ஒரு வாய்ப்பூட்டு வச்சுப் பார்ப்போம். வர்றவர் தானா கடைசிவரைக்கும் போயிட்டாருன்னா சரி. இல்லேன்னா எழுதற வேலையை நிறுத்திட்டு உங்களை போன் ரூமுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல." குருவி என்பது இவர்கள் செய்து விற்கும் எடிட்டர், புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதிப் பார்க்கும் இடம். புரொஃபைலர் அதற்குள் இருக்கிற ஒரு கருவி, ஓடுகிற புரோகிராமில் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளந்து சொல்லும். போன் ரூம் என்பது போன் ரூம்தான். எட்டு நாற்காலி, எட்டு ஹெட்போன், நாளெல்லாம் வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கத்தில் வ வருகிறது. கோகிலவாணிக்கு வ வராது. ப வராது, ட வராது, ந சில நாள் வரும் சில நாள் வராது. திக்குவாய். குயில் குரல் என்று பொருள்பட ஆசையாகப் பேர் வைத்த அப்பாவுக்கு எப்படித் தெரியும், பிள்ளை மூன்று வயதில் பேசத் தொடங்கும்போதே முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு முகம் சிவக்கும் என்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சித்தி இவளைப் பார்த்துப் பார்த்துச் சொல்வாள், குத்திக் காட்டுகிறோம் என்று தெரியாமலே. டீ என்ற சொல் வராததால் பிடிக்காத காபியைப் பதினைந்து வருஷம் குடித்திருக்கிறாள். ஒரு சொல் மாட்டினால் இன்னொரு சொல், அதுவும் மாட்டினால் வேறொன்று, இப்படித் தாவித் தாவியே அவளுக்குச் சொற்கள் சேர்ந்துபோயின. எழுதும்போது மட்டும் ஒன்றும் மாட்டாது. காகிதத்தில் வ, ப, ட எல்லாம் நல்ல பிள்ளைகள். போன் ரூமை நினைத்தாலே பயமாக இருந்தது.

"ஒண்ணாவது படி. உங்க புரோகிராமைத் திறங்க." என்றது பக்கம், நாச்சிமுத்து திறந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயசு, உடுமலைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவு, குருவியை ஏழு வருஷமாக வைத்திருக்கிறார், புரொஃபைலர் என்ற பேரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாராம். கரும்பு லாரி எடை மேடையில் ஏறினால் சீட்டு அச்சடிக்கிற புரோகிராமைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு சீட்டுக்கு அரை நிமிஷத்துக்கு மேலேயும் இழுக்கிறது, பின்னால் நிற்கிற லாரியெல்லாம் ஆரன் அடிக்கிறது, என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. இவங்க சும்மா பார்ப்பாங்க சார், பேச மாட்டாங்க என்று ரெஜினா சொன்னதோடு சரி, யாரோ குறிப்பெடுக்கிற அம்மா என்று நினைத்திருப்பார். இரண்டாம் படி. கோகிலவாணி மூச்சைப் பிடித்தாள். இந்த இரண்டாம் படிதான் மூன்று வருஷமாக இல்லாமலே இருந்தது. புரொஃபைலரைச் செய்த சந்தானகிருஷ்ணனே எழுதிய பழைய பக்கத்தில் இரண்டே வரிதான்: ஓட விடவும், முடிவைப் பார்க்கவும், மிக எளிது. அந்த மிக எளிது மேல் அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஊரெல்லாம் வரவில்லை வரவில்லை என்று எழுதினார்கள், சந்தானம் தன் மேசையில் ஓட்டிக் காட்டி எனக்கு வருதே என்றான். அவனுக்கு வரும். கருவியைச் செய்த அன்றைக்கே தன் கம்ப்யூட்டரில் நேர அளவை என்ற கட்டத்தில் டிக் போட்டவன், அதை அணைக்கவே இல்லை, மூன்று வருஷமாக எரிகிற விளக்குக்குச் சுவிட்ச் எங்கே என்று அவனுக்கு எப்படி நினைவிருக்கும். அவள் லேப்டாப் மேல் சாம்பார் கொட்டி, பிரிக்காத பெட்டியிலிருந்து புதுசு ஒன்று தந்தார்களே, அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுசில் ஒன்றுமே வரவில்லை. வராதபோது அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சாம்பாருக்கு நன்றி சொல்ல வேண்டும். "செட்டிங்ஸ்ல நேர அளவைங்கற கட்டத்துல டிக் போடுங்க. போட்டுட்டு குருவியை மூடித் திறங்க. மூடித் திறந்தாத்தான் வேலை செய்யும்." நாச்சிமுத்து டிக் போட்டார், மூடினார், திறந்தார், ம் என்றார். அந்த ம் அவளுக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது.

மூன்றாம் படி பதிவைத் தொடங்குவது, தொடங்கினார். நான்காம் படி புரோகிராமை ஒரு முழு வேலை செய்யவிடுவது, ஒரு லாரி எண்ணும் எடையும் தட்டிவிட்டு ஓட விட்டார். திரையின் ஓரத்தில் செகண்டு ஓடியது. எட்டு, ஒன்பது. கோகிலவாணி தன்னையறியாமல் கூடவே எண்ணினாள், சின்ன வயதில் டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி, மாட்டும்போது மனசுக்குள் எண்ணும்மா என்றார், எண்ணி எண்ணி எண்கள் எல்லாம் சரளமாக வந்தன, சொல்ல வேண்டிய சொல் மட்டும் வரவில்லை. இருபத்தாறு, இருபத்தேழு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரெஜினா வந்து நின்றாள், கையில் காபிக் கோப்பை, உள்ளே வரவில்லை. முப்பது. நாச்சிமுத்துவின் இடது கைச் சுண்டுவிரல் தானாகப் போய் எஸ்கேப்பை அமுக்கியது. புரோகிராம் பாதியில் நின்றது. அவர் பாட்டுக்கு ஐந்தாம் படிக்குப் போய்ப் பதிவை நிறுத்தினார், அட்டவணை திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட இலை மாதிரி வெறும் வெள்ளை. "என்னுங்க இது, ஒண்ணுமே வர்ல?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

ஏன் அமுக்கினார், முழு வேலை என்று எழுதியிருக்கிறதே, முழு என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டாளே, போட்டாளா, மூன்றாவது திருத்தத்தில் போட்டாள், ஐந்தாவது திருத்தத்தில் பக்கமெல்லாம் தடித்த எழுத்தாக இருக்கிறதென்று எடுத்தாள், எடுத்தது அந்தச் சொல்லையா, ஐயோ, அந்தச் சொல்லைத்தான். ஓடி முடிந்தால்தான் அட்டவணை நிரம்பும். அவர் அமுக்கியது அவருக்கே தெரியாது. விரலின் பழக்கம் அது. எடை மேடையில் முப்பது செகண்டு ஆனால் லாரிக்காரன் கத்துவான், எஸ்கேப்பை அமுக்கிவிட்டுக் கையாலேயே சீட்டு எழுதித் தந்துவிடுவார் போல, பகலும் இரவும் அதையே செய்த விரல். அதை இந்த ஆபீசில் யார் கண்டது. நாச்சிமுத்து பக்கத்தைக் கீழே தள்ளினார். கீழே வேண்டாம், கீழே ஆறாம் படி, மேலே வாங்க, ஐந்தாம் படிக்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டீர்கள். அவளுக்குள் அந்த வாக்கியம் முழுதாக, ஒரு எழுத்துகூட மாட்டாமல் எழுந்து நின்றது. முழுசா ஓட விடுங்க சார். நாலே சொல். பிறந்ததிலிருந்து ஒரு வாக்கியம் இவ்வளவு வழவழப்பாக அவள் வாயில் வந்து நின்றதில்லை, பேசக் கூடாத நேரமாகப் பார்த்து வருகிறது பார், சனியன். சொல்லிவிடலாம். சொன்னால் அவருக்கு உதவியாகும், லாரிகள் நகரும். சொன்னால் போன் ரூம். நுணலும் தன் வாயால் கெடும், இந்த நுணலுக்கு வாயே இல்லையென்று ஊர் சொல்கிறது, இருந்த ஒரு தடவையில் கெட வேண்டுமா. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், உண்மையிலேயே கடித்தாள், உப்புக் கரித்தது. அந்தக் குறிப்பையே எடுத்துவிடச் சொன்னான் சந்தானம். "ஏனுங் கோகிலா, பாதியில நிறுத்திட்டு வர்லைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? படிக்கறவங்க என்ன கொழந்தைகளா?" என்றான். அவள் பதில் சொல்லத் தொடங்கினாள், ப என்று மாட்டியது, அவன் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தான், எல்லாரும் அப்படித்தான் சுவரைப் பார்ப்பார்கள். பாதியில் நிறுத்தப்படுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் சந்தானம் என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. குறிப்பை மட்டும் எடுக்கவில்லை, இரண்டு தடவை அவன் அழித்தான், இரண்டு தடவையும் திரும்பப் போட்டாள். நாச்சிமுத்து நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். சரி, இது நமக்கு ஆகாது என்று எழுந்துவிடுவதற்கு முன்னால் மனிதர்கள் இப்படித்தான் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். ரெஜினா கதவுப் பிடியில் கை வைத்தாள். லேத் சத்தம் நின்றுபோயிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பக்கத்தை மேலே தள்ளினார். நாலாம் படி, மெதுவாக ஐந்தாம் படி, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வந்து நின்றார். "அட்டவணை வெறுமையா இருந்தா பயப்பட வேண்டாம். ஒண்ணும் கெட்டுப்போகல. புரோகிராம் ஓடி முடியறதுக்குள்ள அது நின்னிருக்கு, இல்ல நிறுத்தியிருக்கீங்க. எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஒரு தடவை கடைசிவரை ஓட விடுங்க." படித்துவிட்டுத் தன் சுண்டுவிரலைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட எழவே, நாந்தாங்க அமுக்கிப்போட்டேன்! நாலு வருசத்துல இதைய ஒருக்காகூட முழுசா ஓட விட்டதில்லைங்க!" என்றார், யாரிடம் என்றில்லாமல். இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கோகிலவாணி தன் கைகளை வைத்திருந்த மாதிரியே. மறுபடி மூன்று, நான்கு. செகண்டு ஓடியது. முப்பது தாண்டியது. முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்தொன்று, நின்றது. பதிவை நிறுத்தினார். அட்டவணை சரசரவென்று நிரம்பி வழிந்தது, இருபது வரி, முப்பது வரி, அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. இன்னும் ஒரு கண்ணி பாக்கி இருந்தது. முதல் வரியில் சீட்டு அச்சு என்று புரோகிராமின் தலைவாசல் பேரும் அதற்கு நேரே நாற்பத்தொரு செகண்டும் கிடந்தன, எல்லாரும் அதைப் பார்த்ததும் அதுதான் திருடன் என்று பாய்ந்து மூன்று நாள் அங்கேயே தோண்டுவார்கள். நாச்சிமுத்துவும் ஓகோ என்று அதன் மேல் அம்பைக் கொண்டுபோனார். கொண்டுபோனவர் நிறுத்தி ஆறாம் படியைப் படித்தார். "மொத்தம்ங்கறதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அம்மா காலையில சமையல்கட்டுல மூணு மணி நேரம் நின்னாங்கன்னா அது மொத்தம். அதுல குக்கர் விசிலுக்குக் காத்திருந்தது எவ்வளவு, தேங்காய் துருவினது எவ்வளவுன்னு தனித்தனியாப் பார்த்தாத்தான் எங்க நேரம் போச்சுன்னு தெரியும். தனின்னு போட்ட தலைப்பைச் சொடுக்குங்க." இதை ஆங்கிலத்தில் நாலு பக்கம் படித்தும் அவளுக்கே புரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கர் முன்னால் நின்றபோதுதான் பளிச்சென்று புரிந்தது. அவர் சொடுக்கினார்.

வரிகள் இடம் மாறின. அதுவரை ஐந்தாவதாகக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்த ஒரு பேர் குபீரென்று மேலே வந்து நின்றது. எழுத்துரு தேடு, நாற்பது செகண்டு. நாச்சிமுத்து பக்கத்துக்குத் திரும்பினார். ஏழாம் படியைப் பார்த்து அதை இருமுறை சொடுக்கினார், அவருடைய புரோகிராமில் அந்த இடம் திறந்தது, மஞ்சளாக ஒரே ஒரு வரி. சீட்டில் தமிழ் எழுத்து வர வேண்டுமென்பதற்காக கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்து வடிவங்கள் அத்தனையையும் அது தேடுகிறது, தேடுவதில் தப்பில்லை, சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை முதலிலிருந்து தேடுகிறது. இருபத்தாறு வரிச் சீட்டு, இருபத்தாறு தேடல். "கடவுளே, பிரிண்டர் கோளாறுன்னு மூணு பிரிண்டர் மாத்துனமே" என்றார். அந்த வரியை வெட்டி மேலே கொண்டுபோய் ஒரே தடவை தேடும்படி வைத்தார். ஓட விட்டார். ஒன்று, இரண்டு, சீட்டு வந்துவிட்டது. நம்பாமல் இன்னொரு லாரி எண்ணைப் போட்டார், இரண்டு செகண்டு. இன்னொன்று. ரசித்து ரசித்து எட்டு லாரி அனுப்பினார், இல்லாத லாரிகளாக. கோகிலவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்தாயிற்று. ஒரு சொல் பேசாமல், ஒரு விரல் அசைக்காமல், தான் எழுதியதை மட்டும் அனுப்பிவைத்து ஜெயித்தாயிற்று, அது போய் அந்த மனிதர் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, அவர் தப்பு செய்தபோது பயப்படாதே என்று சொல்லி, கடைசிவரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. கர்வமாக இருந்தது. இருக்கட்டுமே, என்ன இப்போது. முப்பத்தொன்பது வயசுக்கு ஒரு தடவை கர்வப்பட்டால் குடி முழுகிவிடாது. அவள் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள், மரத்துப்போய் ஊசி ஊசியாகக் குத்தின.

ரெஜினா உள்ளே வந்தாள், சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. நாச்சிமுத்து அவளைக் கவனிக்கவே இல்லை, செல்போனில் ஆலைக்குக் கூப்பிட்டுக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். "தங்கராசு, சீட்டு புரோகிராம் சரியாப்போச்சுப்பா, சாயந்திரம் வந்து போட்டுத் தர்றேன். இல்லப்பா, நெசமாத்தான், ரெண்டு செகண்டு. இந்தா, அந்த டிரைவர் லிஸ்ட்டும் இழுத்துக்கிட்டே கெடக்குதல்ல, அதையத் தெறந்து வையி. நீயே புடிச்சுருவ. நான் படிக்கறேன், அப்படியே செய்யி." படிக்க ஆரம்பித்தார். ஒன்றாம் படி, இரண்டாம் படி. அவருடைய குரல் கனத்த குரல், நிதானமான குரல், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. டிக் போடுங்க என்றது, பதிவைத் தொடங்குங்க என்றது, பயப்பட வேண்டாம் என்றது, வெறுமையா இருந்தா என்றது, ப வந்தது, வ வந்தது, ட வந்தது, எல்லாம் அவளுடைய வாக்கியங்கள், அவள் வைத்த நிறுத்தங்கள், போன் கம்பியில்லாமல் எழுபது கிலோமீட்டர் போய் முகம் தெரியாத ஒரு தங்கராசுவின் காதில் விழுந்து, அங்கே அவன் செய்கிறான். கோகிலவாணி அசையாமல் கேட்டாள். தன் பேச்சை முதல் தடவையாக முழுக்கக் கேட்டாள், எவ்வளவு நன்றாக இருந்தது அது. தங்கராசு ஏதோ கத்தினான், வந்திருச்சு என்கிறானாம். நாச்சிமுத்து போனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி ரெஜினாவைப் பார்த்தார். "ஏனுங் மேடம், இதைய யாருங்க எழுதுனது? நம்ம பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்ற மாதிரியே இருக்குதுங்க." ரெஜினா பதில் சொல்ல வாயெடுத்தாள், எப்போதும் இவளுக்காக யாராவது சொல்லிவிடுவதுதான் வழக்கம். கோகிலவாணி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். எழுந்து நின்றாள். ந என்றாள். மாட்டிக்கொண்டது. வேறு சொல்லுக்குத் தாவ நாலைந்து வழி இருந்தது, தலையை ஆட்டினால்கூடப் போதும், அவர் புரிந்துகொள்வார். அவள் தாவவில்லை. ந, ந என்று அந்த எழுத்திலேயே நின்றாள், முகம் சிவந்தது, சிவக்கட்டும், ரெஜினா பழக்கதோஷத்தில் சுவரைப் பார்க்கத் திரும்பி, பிறகு வெட்கப்பட்டு அவள் முகத்தையே பார்த்தாள். நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"நான்தானுங்க" என்றாள் கோகிலவாணி. "முழுசும் நான் எழுதுனதுங்க."